ஒரே காய்ச்சல், இரண்டு பிள்ளைகள்

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காண்கிறது. மூத்தவன் மூன்றாம் நாள் பந்து விளையாடப் போய்விடுகிறான். இளையவளோ துவண்டுபோய் மருத்துவமனையில் கிடக்கிறாள். "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று தாய் தன்னையே நொந்துகொள்கிறாள். தாய்மார்களே, இதில் பாவ புண்ணியத்துக்கு வேலையே இல்லை.

கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போர் எல்லை மீறி, சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். 'இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது' என்று நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதில் பரம்பரைக்கும் பங்குண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1988இல் வெளிவந்தது. பெற்ற தாயோ தகப்பனோ 50 வயதுக்குள் தொற்று நோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் பின்னாளில் தொற்றினால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. வளர்த்தவர்கள் அப்படி இறந்திருந்தாலோ, அபாயம் கூடவில்லை.

பிறகு, மூளைக்காய்ச்சலையும் செப்சிஸையும் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி தாக்கிய பிள்ளைகளை ஐரோப்பிய மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கும் புரதம் ஒன்று நம் உடலில் இருக்கிறது. அதற்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து குறைந்தால், அந்தப் புரதம் அதிகம் சுரக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இந்த வகை மரபணுவை இரு பக்கமிருந்தும் பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு அதிகம் என்று 1999இல் எழுதினார்கள். இரு பக்கமிருந்தும் என்பதைக் கவனியுங்கள். 'உங்கள் வீட்டு இரத்தம்தான் சரியில்லை' என்று மருமகளைக் குத்திக்காட்ட யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

ஆனாலும் எந்த டாக்டரும் இந்த மரபணுவைச் சோதித்துவிட்டு மருந்து கொடுப்பதில்லை. அதற்கு நேரமும் இல்லை. மூச்சு வேகமாக வாங்குதல், கைகால் சில்லிடுதல், தோல் திட்டுத் திட்டாக வெளிறுதல், எழுப்பினாலும் எழாத மயக்கம், பல மணி நேரம் சிறுநீர் இறங்காமை, கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். தோட்டத்திலிருந்து பட்டணம் போக நேரமாகும் என்றால், இன்னும் முன்னதாகவே கிளம்புங்கள்.

நம் நாட்டில் தலசீமியா உள்ள குடும்பங்கள் அநேகம். அதுவும் பரம்பரையாக வருவதுதான். அதற்காகச் சில பிள்ளைகளுக்கு மண்ணீரலை எடுத்துவிடுகிறார்கள். இரத்தத்திலுள்ள கிருமிகளை வடிகட்டும் உறுப்பு அது. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும், கேட்கும்வரை காத்திராமல், மண்ணீரல் எடுத்த பிள்ளை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.