முதல் கோப்பையை ஜெயித்தது டெலிபோன் ஃபேக்டரி! கால்பந்தில் கம்பெனி டீம்கள் மறைந்ததால் யாருக்கு நஷ்டம்?

இந்தியாவின் முதல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது யார்? மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா? இரண்டும் இல்லை. 1977-ல் எர்ணாகுளத்தில் நடந்த ஃபைனலில் மோகன் பகானை 1-0 என வீழ்த்தியது ஐ.டி.ஐ. அதாவது, பெங்களூருவில் டெலிபோன் தயாரித்த அரசுத் தொழிற்சாலையின் டீம்.

அது என்ன கோப்பை?

டுராண்ட் கோப்பை 1888-லேயே தொடங்கிவிட்டது. 1941-ல் வந்த சந்தோஷ் டிராபி, மாநில அணிகளுக்கானது. நாட்டின் சிறந்த கிளப் எது என்று முடிவு செய்ய, அகில இந்திய கால்பந்து சம்மேளனமே தொடங்கியதுதான் ஃபெடரேஷன் கோப்பை.

அதை ஜெயித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1990, 1991-ல் கேரளா போலீஸ். 1995, 1996-ல் பஞ்சாபின் ஜவுளி மில் டீமான ஜே.சி.டி. 2003, 2005-ல் மஹிந்திரா.

டீம் என்றால் வேலை

இந்த டீம்கள் வீரர்களுக்குக் கொடுத்தது கோப்பை மட்டுமல்ல, மாதச் சம்பளமும்தான். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற ஐ.எம்.விஜயன், இந்திய அணியின் கேப்டன் ஆனார். கேரளா போலீஸில் அதிகாரியாக ஓய்வு பெற்றார். சென்னையிலும் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். டீம்களில் இடம் கிடைப்பது என்றால், வீட்டில் அடுப்பு எரியும் என்று அர்த்தம்.

பிறகு காற்று மாறியது. மஹிந்திரா 2010-லும், ஜே.சி.டி. 2011-லும் டீமைக் கலைத்தன. ஃபெடரேஷன் கோப்பையே 2017-டன் முடிந்து, 2018-ல் சூப்பர் கோப்பை வந்தது.

கடைசி ஃபெடரேஷன் கோப்பையை வென்ற பெங்களூரு எஃப்.சி.யின் உரிமையாளரும் ஸ்டீல் நிறுவனமான ஜே.எஸ்.டபிள்யூ.தான். ஆனால், அது தொழிலாளர்கள் ஆடும் டீம் அல்ல. முழுநேர ப்ரொஃபஷனல் கிளப்.

அதில் என்ன தப்பு?

தப்பே இல்லை. பயிற்சி, ஃபிட்னெஸ், சம்பளம் எல்லாம் உயர்ந்திருக்கின்றன. வேலை கிடைத்ததும் ஆட்டத்தை மறந்தவர்கள் பழைய முறையில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், ஏணியின் மேல்படிக்கு பெயின்ட் அடித்தவர்கள், கீழ்ப்படியைக் கழற்றிவிட்டார்கள்.

கவரைப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் முழுக்க ஆலைகள். இந்தப் பக்கத்தில் நன்றாகப் பந்தாடும் 19 வயதுப் பையனுக்கு ஆலைக்குள் போக ஒரு வழி உண்டு: கான்ட்ராக்ட் ஷிஃப்ட். ஆட்டத்தை வைத்து உள்ளே போகும் வழி அவனுக்கு எங்கே? ஐ.எஸ்.எல். கிளப் கூப்பிடும்வரை அவன் வீட்டில் யார் சம்பாதிப்பது?

செய்ய முடியாததா?

நிறுவனச் சட்டம் 2013-ன்படி, கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்கு சி.எஸ்.ஆர். நிதியைச் செலவிடலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கு மைதானமும் கோச்சும் அதில் வரும். சொந்த ஊழியர்களின் டீமுக்கு மட்டும் அந்தப் பணம் செல்லாது; அதற்கு கம்பெனிதான் மனசு வைக்க வேண்டும். ஆலைக்கு நான்கு நிரந்தர வேலை, பயிற்சிக்கு ஏற்ற ஷிஃப்ட், சிப்காட்டுக்குள் ஒரு லீக்... தொடங்க இது போதும்.

டெலிபோன் செய்தவர்கள் மோகன் பகானை ஜெயித்த நாடு இது. ஸ்டீல் உருக்குபவர்களால் முடியாதா என்ன?