ஏறுவதற்கு மலை எதற்கு?
கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அண்ணாந்து பார்க்க இருப்பவை புகைபோக்கிகள்தான். மலையேற வேண்டுமென்றால் ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம் போக வேண்டும். ஆனால் ஏறும் விளையாட்டு மலையை விட்டிறங்கி வெகுகாலமாகிறது. 1886-இல் இங்கிலாந்தின் நேப்ஸ் நீடில் பாறையில் ஹாஸ்கெட் ஸ்மித் தனியாளாக ஏறியபோதே சிகரம் என்ற இலக்கு பின்னுக்குப் போய்விட்டது. பிறகு அது ஒலிம்பிக் வரை வந்தது. டோக்கியோவில் இந்த விளையாட்டின் மூன்று பிரிவுக்கும் சேர்த்து ஒரே பதக்கம். 2024 பாரிஸில் வேக ஏற்றத்துக்குத் தனிப் பதக்கம். அங்கே 15 மீட்டர் சுவரை அமெரிக்காவின் சாம் வாட்சன் 4.74 விநாடியில் ஏறி முடித்தார். கயிறே இல்லாத இன்னொரு பிரிவான போல்டரிங்குக்கு நாலு மீட்டர் சுவரும் கீழே தடித்த மெத்தையும் போதும். இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்துவது இந்திய மலையேற்ற அறக்கட்டளைதான் என்பதால், இது இமயத்துக்காரர்களின் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சேஃப்டி பெல்ட் மாட்டிச் சாரத்தில் நிற்கும் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் கும்மிடிப்பூண்டி. கம்பெனிகள் தங்கள் சி.எஸ்.ஆர். பணத்தில் ஓர் அரசுப் பள்ளியிலாவது ஏறும் சுவர் கட்டிப் பயிற்சியாளரையும் அமர்த்தட்டும். உயரத்தில் உழைப்பவர்களின் பிள்ளைகள் உயரத்தில் விளையாடவும் செய்யலாமே!