ஆங்கில அகராதியிலும் ஒரு சேரி

தரங்கம்பாடியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்றொடர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். 'சோஷியல் பரையா' என்றால் சமூகம் ஒதுக்கியவர். 'பரையா ஸ்டேட்' என்றால் உலகம் ஒதுக்கிய நாடு. ஒரு தங்கை நிமிர்ந்து கேட்டாள்: "அக்கா, இது நம்ம பேருதானே?"

ஆமாம், நம் பெயர்தான். அந்தச் சொல் தமிழின் 'பறையர்' என்பதிலிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. இந்தக் கடற்கரைக்கு வந்த ஐரோப்பியர் துணியையும் மிளகையும் மட்டும் கப்பலேற்றவில்லை; சாதியையும் ஏற்றிப் போனார்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் இது. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதையும் அச்சகம் வைத்ததையும் பெருமையாகப் பேசுகிறோம். அதே மிஷன் சபையில் பறையர்கள் தனியே உட்கார வைக்கப்பட்டதைப் பேசுவதில்லை.

சொல் கடல் தாண்டியதும் பொருள் தலைகீழானது. இன்று எந்த நாட்டை 'பரையா' என்கிறார்கள்? அணுகுண்டைக் காட்டி மிரட்டும் நாட்டை, அண்டை நாட்டின் மீது படையெடுக்கும் நாட்டை. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவையும் அப்படித்தான் அழைத்தார்கள். ஒடுக்கியவனைத் திட்ட, ஒடுக்கப்பட்டவரின் பெயர்! குற்றம் செய்ததால் ஒதுக்கப்பட்டவர்களா நாம்? நாற்று நட்டோம், கதிர் அறுத்தோம், பிணம் சுட்டோம். ஒதுக்கியவர்கள் செய்த குற்றத்தை அந்தச் சொல் நம் தலையில் கட்டுகிறது.

இதே ஆங்கிலத்தில் அமெரிக்காவின் பழம்பெரும் பணக்காரக் குடும்பங்களுக்கு 'பாஸ்டன் பிராமின்' என்று பெயர். 1860இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற எழுத்தாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மேலே இருப்பவருக்கு ஒரு பெயர், வெளியே நிற்பவருக்கு ஒரு பெயர். அக்ரகாரமும் சேரியும் அப்படியே அகராதிக்குள் குடியேறிவிட்டன.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. எம்.ஏ. சமூகவியல் வகுப்பில், மாக்ஸ் வெபர் யூதர்களை 'பரையா மக்கள்' என்று குறிப்பிட்டதைப் படித்தோம். அடிக்கோடிட்டோம், தேர்வில் எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். ஒருவரும் கை தூக்கவில்லை.

"வெறும் வார்த்தைதானே, பொருள் மாறிவிட்டதே" என்பார்கள். லண்டன்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். சென்னையிலும் டெல்லியிலும் தலையங்கம் எழுதுபவருக்குமா தெரியாது? சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுவெளியில் நம்மை இழிவுபடுத்தினால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தமிழில் கூசும் நாக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் கூசவில்லை?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம் தோழர்களே. பெயரில் இழிவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். எம்.சி. ராஜா 1922இல் சென்னை சட்டமன்றத்தில் போராடி, அரசு ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதில் 'ஆதி திராவிடர்' என்று எழுத வைத்தார். ஒருவர் பெயரைத் தூக்கிப் பிடித்தார், மற்றவர் மாற்றினார். வழி வேறு, கோரிக்கை ஒன்றே: எங்கள் பெயரின் பொருளை நாங்கள்தான் சொல்வோம்.

ஆகவே, தேர்வில் கேட்டால் விடை எழுதுங்கள், மதிப்பெண்ணை விடாதீர்கள். ஆனால் உங்கள் பேச்சிலும் கட்டுரையிலும் அந்தச் சொல்லைப் புழங்காதீர்கள். 'அவுட்காஸ்ட்' என்ற சொல் இருக்கிறது, போதும். நாளிதழில் பார்த்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். வகுப்பில் வந்தால் எழுந்து நின்று, அது எந்த ஊர்ச் சொல் என்று சொல்லுங்கள்.

அந்தத் தங்கை தன் நோட்டில் இருந்த பொருளை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "ஒதுக்கியது யார் என்று புத்தகத்தில் இல்லை."

ஜெய் பீம்.