முகமா? சொல்லா?

1960 செபுதம்பர் 26 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைமைக்குப் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் சிக்காகோவில் தொலைக்காட்சிச் சொற்போர் நிகழ்த்தினர். ஏறத்தாழ 7 கோடிப் பேர் கண்டனர். முழங்கால் நோயால் மருத்துவமனையிற் கிடந்து மெலிந்த நிக்சன், முறையான ஒப்பனையை வேண்டாவென ஒதுக்கினார். முகம் வெளிறி வேர்வை துளிர்க்க நின்றார். கென்னடியோ வெயிலில் நிறமேறிய பொலிவொடு வந்தார். வென்றவர் கென்னடியே என்று நாடெங்கும் பேச்சு! என்னே தீர்ப்பு! வானொலியிற் கேட்டோர் நிக்சனே வென்றார் என்றனராம். அதற்குக் காட்டப்பெறும் சான்று வலுவற்றது. ஆயினும் அப்பேச்சு அறுபது ஆண்டு கடந்தும் சாகவில்லை.

இதனினும் எண்ணத்தக்கது 1976-இல் நிகழ்ந்தது. கிழக்கு ஐரோப்பாவிற் சோவியத்து மேலாண்மை இல்லையென்று, அற்றைக் குடியரசுத் தலைவர் போர்டு அத்தோபர் 6-ஆம் நாட் சொற்போரில் உரைத்தார். போலந்திற் சோவியத்துப் படை நிலைகொண்டிருந்த காலம் அது! அன்றிரவே வினவப்பெற்றோருட் பலர் போர்டே வென்றார் என்றனர். செய்தியாளர் பிழையை எடுத்துக்காட்டிய பின்னரே, மறுநாள், அத்தீர்ப்புத் தலைகீழாயிற்று.

தம் செவியாற் கேட்ட பிழை, பிறர் சொன்ன பின்னரா தோன்றுவது? நிமிர்ந்து நின்றாரா, நகைத்தாரா, எதிரியை மடக்கினாரா என்றே கண்கள் பார்த்திருந்தன. சொன்னது மெய்யா, சான்று யாது, வினாவுக்கு விடையிறுத்தாரா, நழுவினாரா என்று எழுதுகோலுங் கையுமாய் அமர்ந்து குறித்தவர் எத்தனை பேர்?