சறுக்கியதையும் எழுதுவோம்!

கற்றதை மறைப்பவன் பாதி கற்றவனே என்பேன். சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தரவுத்தளத்தைக் காக்கும் பொறுப்பு என்னுடையது. நாள்தோறும் நகலெடுக்க ஏற்பாடு செய்தேன்; ஒரு நாளேனும் மீட்டுப் பார்த்தேனில்லை. வட்டு பழுதாயிற்று. கடவுச்சொல்லை மாற்றிய நாள்முதல் நகற்கோப்புகள் வெறுமையாகவே கிடந்திருக்கின்றன! மூன்று வார அளவீடுகள் போயின. வெட்கத்தால் வாய் திறக்கவில்லை.

பின்னரே கிட்லாப் நிறுவனத்தின் கதையைப் படித்தேன். 2017 ஜனவரி 31 அன்று அங்கே பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். நகலெடுக்கும் கருவியோ பதிப்பு பொருந்தாமல் முன்பே தோற்றிருந்தது. எச்சரிக்கை மடல்களும் வந்து சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு தொலைந்தது. ஆயினும் அவர்கள் ஒளிக்கவில்லை. நடந்ததை உலகறிய எழுதினார்கள். முன்பே அதை நான் படித்திருந்தால்!

நம்மில் பலர் இக்கலையைத் தனித்தனியே தடுமாறிக் கற்கிறோம். ஒருவர் விழுந்த குழியில் மற்றவரும் விழ வேண்டுமா? கற்றதை, சறுக்கியதை, இவ்விதழில் நம் தமிழில் எழுதுவோம். எழுத உட்கார்ந்தால்தான் நமக்கு எது விளங்கவில்லை என்பதும் விளங்கும்.

முதற்குறிப்பு என்னுடையது: மீட்டுப் பார்க்காத நகல், நகலே அன்று!