தண்டம் விவசாயிக்கு, குற்றம் யாருடையது?

நவம்பர் வந்துவிட்டால் தில்லியின் நஞ்சுக் காற்றுக்கு ஒரே குற்றவாளியாகப் பஞ்சாப் விவசாயி நிறுத்தப்படுகிறார். ஆண்டு முழுதும் புகை கக்கும் வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் அப்போது எவர் கண்ணிலும் படுவதில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு நெல் தாள் எரிப்புக்கான தண்டத்தொகையை இரட்டிப்பாக்கியது. இரண்டு ஏக்கருக்கும் குறைவாக வைத்திருக்கும் ஏழை விவசாயிக்கும் 5,000 ரூபாய்!

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? பஞ்சாப் மண்ணில் பெரும்பகுதி நெல்லுக்குரியதன்று; நீரை விரைவில் உள்வாங்கும் மணற்பாங்கான வண்டல் அது. அதில் நீரைத் தேக்க, சேற்றுழவால் மண்ணின் கட்டமைப்பையே சிதைத்தாக வேண்டும். இது ஆண்டுதோறும் தொடர, உழவு ஆழத்துக்குக் கீழே கெட்டித் தளம் உருவாகிறது. அடுத்து விதைக்கும் கோதுமையின் வேர் அதைத் துளைக்கத் திணறுகிறது. மழைநீரும் எளிதில் இறங்குவதில்லை. ஆழ்துளைக் கிணறுகளோ, நிலத்தடியில் சேரும் நீரைப்போல் ஒன்றரை மடங்கை உறிஞ்சுகின்றன.

விவசாயி விரும்பியா நெல் நட்டார்? பசுமைப் புரட்சியின் பெயரால், மத்தியத் தொகுப்புக்காக அரசுதான் நட வைத்தது. ஆதரவு விலை 23 பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. பஞ்சாபில் முழுமையான கொள்முதலோ நெல்லுக்கும் கோதுமைக்குமே.

நீர்மட்டம் சரிந்ததும், 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஜூன் 10க்கு முன் நடவைத் தடைசெய்தது. கோடையில் ஆவியாகும் நீர் மிச்சமானது உண்மையே. ஆனால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சின. காற்று ஓயும் பருவமும் அதுவே.

மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறவும், பயிர்களின் ஆதரவு விலைக்குச் சட்டபூர்வ உத்தரவாதம் தரவும் கோரித் தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகள் அமர்ந்திருந்தார்கள். அரசு ஒரு குழுவை அமைத்தது, 2022 ஜூலையில்.