லியோனில் ஒரு தறிவீடு

பிரான்ஸ் போகிறவர்கள் ஈபிள் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நெசவு ஊரான வெண்ணந்தூரிலிருந்து போகிறவர் முதலில் லியோனைப் பார்க்கவேண்டும் என்பேன். 1804-இல் ஜக்கார்டு தறியைத் தந்த ஊர் அது. அங்குள்ள க்ருவா ரூஸ் மேட்டில் நெசவாளர் வீடுகளின் மேற்கூரை அண்ணாந்து பார்க்கும் உயரம். தறியின் தலையில் ஜக்கார்டு பெட்டியை ஏற்ற அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. கூலி கேட்டு 1831-இல் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். அங்குள்ள நெசவாளர் அருங்காட்சியகத்தில் தறியை ஓட்டிக் காட்டியபோது கண்ணை எடுக்க முடியவில்லை. துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரள, நூல்கள் ஏறி இறங்க, துணியில் பூ விழுகிறது. நம் பக்கத்துச் சேலை முந்தியில் பூ விழுவதும் இதே வித்தையால்தான். நெசவாளி குடியிருந்த வீட்டையே அந்த நகரம் வரலாறாக மதிக்கிறது. வெண்ணந்தூரிலும் பழைய குழித்தறி வீடு ஒன்றை, தறியோடும் பாவோடும், அரசு எடுத்துக் காக்கவேண்டும். தறிச்சட்டங்கள் விறகாகிப் போவதற்குள் அதைச் செய்யவேண்டும்.